கிருமி இல்லாத நீர்க்கடுப்பு

சிறுநீரில் கிருமி இல்லை என்று சோதனைச்சாலை எழுதிக் கொடுத்தால், அதனை நற்செய்தி என்றே எவரும் கொள்வர். ஆனால், அடிவயிற்றில் ஓயாத வலியோடு, பகலில் பதினைந்து இருபது முறையும் இரவில் நான்கைந்து முறையும் எழுந்து செல்ல வேண்டிய தொல்லையில் மாதக்கணக்காக உழலும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தாளே பகையாகிவிடுகிறது. ‘ஒன்றுமில்லை’ என்ற தீர்ப்பு அதில் எழுதப்பட்டிருப்பதாக வீட்டாரும், உடன் வேலை செய்வோரும், சில வேளைகளில் மருத்துவரும் படித்துவிடுகின்றனர். அத்தாள் கூறுவது ஒன்றே: அன்று, அந்தக் குப்பியில், வழக்கமான முறையில் வளரக்கூடிய கிருமி வளரவில்லை. வலி இல்லை என்று அது கூறவில்லை, கூறவும் இயலாது.

பேச்சு வழக்கில் நீர்க்கடுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன. வெயிலில் உழைத்து, போதிய நீர் அருந்தாமையால் சிறுநீர் செறிவுற்று எரிவதும் நீர்க்கடுப்பே. கிருமித் தொற்றும் நீர்க்கடுப்பே. கல் உறுத்துவதும் அவ்வாறே அழைக்கப்படுகிறது. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று வீட்டில் விளக்கம் கூறப்படும். முதலாவது வகைக்கு அவ்விளக்கத்தால் தீங்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் தண்ணீரும் மோரும் அருந்தினால் தீர்ந்துவிடும். இவற்றில் எதனோடும் சேராத நோய் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பையைச் சார்ந்த வலியோ அழுத்தமோ, அடிக்கடி நீர் பிரியும் உணர்வோடு சேர்ந்து ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, தொற்று முதலிய வேறு காரணம் எதுவும் காணப்படாவிடில், அதனைச் சிறுநீர்ப்பை வலி நோய் என்று மருத்துவ நூல்கள் வகுக்கின்றன. இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்பது அதன் பழைய பெயர். பெண்களிடம் மிகுதி எனினும் ஆண்களுக்கும் வரும். அவர்களிடம் பெரும்பாலும் பிராஸ்டேட் சுரப்பியின் மேல் பழி விழுந்துவிடுகிறது.

இதனை அறிந்துகொள்ள உதவும் குறி ஒன்றை நோயாளியின் வாய்மொழியிலேயே கேட்கலாம். பை நிரம்ப நிரம்ப வலி ஏறும்; நீர் பிரிந்ததும் சற்றுத் தணியும்; மீண்டும் நிரம்பும்போது மீண்டும் ஏறும். ஆகவேதான் அவர் ஓயாது எழுந்து செல்கிறார். நீரை அடக்க முடியாமல் ஓடுபவர் வேறு. வலியைத் தணித்துக்கொள்ளச் செல்பவர் வேறு. “ஆடை நனைந்துவிடும் என்ற அச்சத்தால் போகிறீர்களா, வலி பொறுக்காமல் போகிறீர்களா?” என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் விடை கூறுவர். இந்த ஒரு கேள்விக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

சிறுநீர்ப்பை தசையாலான பை. வளர்ந்தவரிடம் அது சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் உட்புறப் படலம் உப்பும் கழிவும் செறிந்த நீரை மணிக்கணக்கில் தாங்கி நிற்கிறது. ஊடே கசிய விடுவதில்லை. இந்நோயில் அக்காப்புப் பழுதடைந்து, பொட்டாசியம் போன்ற உப்புகள் சுவருக்குள் இறங்கி நரம்பு முனைகளை உறுத்துகின்றன என்பது ஒரு கொள்கை. ஒவ்வாமையில் பங்கு கொள்ளும் மாஸ்ட் செல்கள் பையின் சுவரில் பெருகி அழற்சியை உண்டாக்குகின்றன என்பது மற்றொன்று. நெடுநாள் வலியைச் சுமந்த நரம்புகளும் தண்டுவடமும் கூருணர்வு அடைந்து, பை சிறிதளவே நிரம்பினாலும் அதனை வலியாகவே மூளைக்கு அறிவிக்கின்றன என்பது மூன்றாவது. ஒரே நோயாளியிடம் இவை மூன்றும் கலந்திருக்கலாம். நோயாளிகள் பலரிடம் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளும் இறுகிப்போய், தொட்டாலே வலிக்கும் நிலையில் உள்ளன. சிகிச்சையில் இத்தசைகளுக்கு உள்ள இடம் பின்னர் வரும்.

நோயின் வரலாறு, கண்ணால் கண்டாலன்றி நம்பாத பழக்கத்தின் வரலாறு என்றே சொல்லத் தகும். 1887-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் இதற்குப் பெயரிட்டார். 1915-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் கை ஹன்னர், நெடுநாள் வலியுற்ற பெண்கள் சிலரின் சிறுநீர்ப்பையில் தனிப்பட்ட புண்களைக் கண்டு எழுதினார். இன்றும் அவை ஹன்னர் புண்கள் என்றே வழங்குகின்றன. கண்டுபிடிப்பு அரியது, ஆனால் அதன் விளைவு விபரீதமாயிற்று. புண் தெரிந்தால்தான் நோய் என்ற எண்ணம் வேரூன்றியது. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோரிடம் அப்புண் காணப்படுவதில்லை. 1978-இல், பையை நீரால் விரித்துப் பார்க்கும்போது தோன்றும் சிறு இரத்தப் புள்ளிகள் அடையாளமாகக் கூறப்பட்டன. 1998-இல் வெளியான ஆய்வொன்றில், கருத்தடை அறுவைக்கு வந்த, வலியே இல்லாத பெண்களிடமும் அதே புள்ளிகள் காணப்பட்டன! 1987-இலும் 1988-இலும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று சில கடுமையான விதிகளை வகுத்தது. ஆராய்ச்சிக்கென்று வகுத்தவற்றை மருத்துவர்கள் அன்றாட நோயாளிகளுக்கும் பயன்படுத்தினர். அனுபவமிக்க நிபுணர்கள் இந்நோய் என்று உறுதியாகவோ பெரும்பாலும் அவ்வாறோ கருதியவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் அவ்விதிகளால் விலக்கப்படுவர் என்பது 1999-இல் வெளிவந்த ஆய்வால் தெரிந்தது.

விலக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? புகழ்பெற்ற சிறுநீரியல் பாடநூலொன்றின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்நோயை மனநிலையால் விளையும் உபாதைகளின் அத்தியாயத்தில் வைத்திருந்தது. அதைப் படித்துத் தேறிய மருத்துவர்கள் நோயாளிக்கு என்ன கூறியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. அமெரிக்காவில் விக்கி ராட்னர் என்ற மருத்துவ மாணவி, தமக்கே இந்நோய் வந்து, பல மருத்துவர்களைக் கண்டும் பயனின்றி, நூலகத்தில் தாமே தேடித் தம் நோயை அறிந்துகொண்டார். 1984-இல் அவர் நிறுவிய நோயாளிகள் சங்கத்தின் முயற்சிக்குப் பின்னரே அரசின் ஆராய்ச்சி நிதியும் மேற்கூறிய விதிகளும் வந்தன. மருத்துவம் படித்தவருக்கே இந்நிலை என்றால், வயலில் களை பறிக்கும் பெண்ணோ, தையற்கூடத்தில் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கும் பெண்ணோ எந்த நூலகத்துக்குப் போவார்?

‘இது செல்வ நாடுகளின் நோய், காசமும் டெங்குவும் உள்ள நாட்டில் இதற்கு நேரம் ஏது?’ என்று கேட்போர் உண்டு. பணியாளரின் சுமையை எண்ணினால் கேள்வி நியாயமானதே. ஆனால் அமெரிக்காவில் 2011-இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று கவனிக்கத்தக்கது. வயது வந்த பெண்களுள் நூற்றுக்கு 2.7 முதல் 6.5 பேர் வரை இந்நோயின் குறிகளோடு இருந்தனர். அவர்களுள் நோயின் பெயர் சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நிபுணர் நிறைந்த நாட்டின் நிலை இது. இங்கே பதிவேட்டில் இந்நோய் இல்லை என்பதால் ஊரிலும் இல்லை என்று கருதிவிட முடியாது. மேலும், இதனை அறியாமலிருப்பதற்கும் செலவு உண்டு. அச்செலவு ஆன்டிபயாடிக் மாத்திரைகளாகக் கரைகிறது.

வலி மிகும்போது நோயாளி மருந்துக் கடைக்குச் செல்கிறார். ஐந்து நாள் மாத்திரை கிடைக்கிறது. ஆறாம் நாள் வலி குறைகிறது. மாத்திரை கேட்டது என்று எல்லோரும் நம்புகின்றனர். இந்நோய் இயல்பாகவே ஏறியும் இறங்கியும் வருவது. ஏறிய வலி சில நாளில் தானே தணியும். அதன் பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதம் வேறு மாத்திரை, அதற்கடுத்த மாதம் ஊசி. பத்துச் சுற்று முடிந்த பின்னும் ஒருமுறைகூடக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யப்படாத நோயாளி இருக்கலாம். குடலில் வாழும் கிருமிகள் இதற்கிடையே அம்மருந்துகளுக்கு அஞ்சாமலிருக்கப் பழகிக்கொள்கின்றன. பின்னர் உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து பயனற்றுப் போகிறது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுக்கும் எச்1 அட்டவணை 2014 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்று மத்தியச் சுகாதார அமைச்சகம் 2016-இல் இயக்கமே நடத்தியது. சிறுநீர்ப்பை வலி நோய்க்கு நீண்டநாள் ஆன்டிபயாடிக் கொடுக்கலாகாது என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகளும் வெளிப்படையாகவே கூறுகின்றன.

வளர்ப்புச் சோதனை செய்தால் மட்டும் போதாது. சரியாகச் செய்ய வேண்டும். கிராமப் பணியாளரின் கை இங்கேதான் மருத்துவரின் கையைவிட முக்கியமாகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி என்ற எல்லையை 1950-களில் பாஸ்டன் நகரத்து எட்வர்ட் காஸ் வகுத்தார். அறிகுறிகள் உள்ள பெண்ணிடம் அதனினும் குறைந்த எண்ணிக்கையும் பொருளுடையதாகலாம். ஆனால் அந்த எண்ணிக்கை பையில் இருந்த கிருமியின் எண்ணிக்கையாக இருத்தல் வேண்டும். பேருந்தில் வளர்ந்த கிருமியின் எண்ணிக்கையாக இருத்தல் ஆகாது. ஈ. கோலை என்னும் குடற்கிருமி உகந்த வெப்பத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. மூன்று மணி நேரத்தில், கணக்குப்படி, ஒன்று ஐந்நூறுக்கு மேலாகும். சித்திரை வெயிலில் பையில் வைத்துச் சுமந்து சென்ற குப்பி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். நோயாளி கழுவித் தூய்மை செய்துகொண்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய குப்பியில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அது சோதனைச்சாலையைச் சேர வேண்டும். இயலாவிடில் குளிரில் வைக்க வேண்டும். (தடுப்பூசிப் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அதில் வைத்தல் ஆகாது; அது தடுப்பூசிக்கு மட்டுமே உரியது.) மாத்திரை தொடங்கும் முன்பே நீரை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, எனினும் மிகுதியாகத் தவறவிடப்படுவது அதுவே.

கிருமி வளரவில்லை என்றதும் சிறுநீர்ப்பை வலி நோய் என்று முடிவுகட்டுவதும் அதே அளவு தவறு. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்து, சாதாரண வளர்ப்பில் கிருமி வளராவிடில், இந்நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது காசநோயை. சிறுநீர் உறுப்புகளைப் பற்றும் காசம் பையைச் சுருக்கிவிடும். அப்போதும் அடிக்கடி நீர் பிரியும். அதற்குத் தனிச் சோதனைகள் உள்ளன. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தொற்று இன்றிச் சிறுநீரில் இரத்தம் கண்டால், அதிலும் நாற்பது வயதைக் கடந்தவராயும் பீடி, சிகரெட் புகைப்பவராயும் இருந்தால், புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்யாமல் விடலாகாது. கல்லும் பெண்ணுறுப்பு நோய்களும் இப்பட்டியலில் சேர்ந்தவையே. வலியை நம்புவதும் நோயைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நம்பாதவரே தேடுவதைப் பாதியில் நிறுத்துகிறார். வேறு வழி தெரியாமல் கருப்பையை எடுத்துவிட்டு, அதன் பின்னும் அதே வலியோடு திரும்பிவந்த பெண்களின் கதைகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

சிகிச்சை உண்டா? முற்றிலும் அகற்றும் மருந்து எதுவும் இன்று இல்லை. தணித்து, இயல்பான வாழ்வுக்கு மீட்கும் வழிகள் பல உள்ளன. ஹன்னர் புண் காணப்பட்டால் உட்காட்டியின் வழியே அதனைச் சுட்டெரித்தோ, ஊசி மருந்து செலுத்தியோ நல்ல பயன் பெறலாம். ஆகவே வலி தணியாதவரை உட்காட்டி வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவது வீண் அலைச்சல் அன்று. பைக்குள் நேரடியாகச் செலுத்தும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் டைமெத்தில் சல்பாக்சைடு 1978 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பென்டோசான் பாலிசல்பேட் என்ற வாய்வழி மருந்து 1996-இல் அங்கு ஒப்புதல் பெற்றது. ஆனால் நீண்ட நாள் உண்டவர்களிடம் கண்ணின் விழித்திரை கெடுவது 2018-இல் அறிவிக்கப்பட்டது. 2020-இல் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. அதனை உண்பவர் பார்வை மங்குவதாகவோ இருளில் தடுமாறுவதாகவோ கூறினால் வயதின் மேல் பழி போடாமல் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மலிவான மருந்து ஒன்றும் உண்டு: அமிட்ரிப்டிலின். 2010-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், சேர்ந்தோர் அனைவரையும் கணக்கிட்டபோது அது வெற்று மாத்திரையைவிடத் திட்டமாக மேம்படவில்லை. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாங்கி உண்டவர்களை மட்டும் பார்த்தால், நூற்றுக்கு 66 பேர் நலம் கண்டனர். வெற்று மாத்திரை உண்டோரில் 47 பேர். சிறு அளவில் தொடங்கி மருத்துவர் மெல்ல மெல்ல உயர்த்துவது அதனாலேயே. இம்மருந்து மனச்சோர்வுக்கென்று முதலில் வழங்கப்பட்டது. சீட்டைப் படித்த உறவினர் ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் போதும். “எனக்கு மனநோய் என்று நினைத்துவிட்டார்கள்” என்று நோயாளி மாத்திரையை எறிந்துவிடுவார். ஏற்கெனவே பலமுறை அவ்வாறு கேட்டு நொந்தவர் அல்லவா! வலி நரம்புகளின் கொதிப்பை அடக்கவே அது சிறிதளவில் கொடுக்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது கிராமச் சுகாதாரப் பணியாளரின் கடமை. மருத்துவருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

மருந்தைவிடத் தெளிவான பயன் தசைப் பயிற்சியில் காணப்பட்டது. 2012-இல் 81 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும் கைச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 59 பேரும், பொதுவான உடம்புப் பிடிப்புப் பெற்றோரில் 26 பேரும் நலமடைந்தனர். ஓர் எச்சரிக்கை. மகப்பேற்றுக்குப் பின் நீர் கசியும் பெண்களுக்கு, தசையை இறுக்கிப் பிடிக்கும் கேகல் பயிற்சியைப் பணியாளர் கற்பித்து வருகின்றனர். அங்கு அது நன்று. சிறுநீர்ப்பை வலி நோயில் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது. அதே பயிற்சி வலியை ஏற்றிவிடும். இங்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம், மெதுவான ஆழ்ந்த மூச்சு, மலச்சிக்கல் நீக்கம் ஆகியவை எவரும் தொடங்கத்தக்கவை.

உணவைப் பற்றிப் பேசும்போது மிகுந்த நிதானம் வேண்டும். காப்பி, தேநீர், மது, எலுமிச்சை இனப் பழங்கள், தக்காளி, மிளகாய்க் காரம், சோடா பானங்கள் ஆகியவை பலருக்கு வலியை ஏற்றுகின்றன, எல்லோருக்கும் அல்ல. அச்சடித்த தாளில் இருபது பொருள்களை விலக்கச் சொல்லிக் கொடுப்பது எளிது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகையவரின் தட்டிலிருந்து பழத்தையும் காயையும் பிடுங்குவது சிகிச்சை ஆகாது. சில நாட்கள் ஐயத்துக்குரியவற்றை நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது வலிக்கிறதோ அதனை மட்டும் விலக்குவதே முறை. தண்ணீரைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று பலர் தாமாகவே குறைத்துக்கொள்கின்றனர். செறிந்த சிறுநீர் இன்னும் உறுத்தும். ஒரேயடியாகக் குடிக்காமல், சிறிது சிறிதாக நாள் முழுவதும் அருந்துமாறு கூற வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படையாக ஒரு சிறு பதிவேடு வேண்டும். மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு முறை நீர் பிரியும் நேரம், அளவுக் குவளையில் கண்ட மில்லிலிட்டர், அப்போதைய வலி சுழியம் முதல் பத்து வரை எவ்வளவு, அதற்கு முன் உண்டது என்ன, இவ்வளவே. அதைப் பார்த்த மருத்துவருக்குப் பல ஐயங்கள் நீங்கும். ஒவ்வொரு முறையும் ஐம்பது, நூறு மில்லிலிட்டராக, வலியோடு பல முறை பிரிந்தால் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நானூறு, ஐந்நூறாகப் பிரிந்தால் நீரிழிவைப் பார்க்க வேண்டும். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளி செல்லும் மகளோ மகனோ எழுதலாம். அல்லது வலிக்குத் தக்கபடி சுவரில் கோடுகள் போட்டு வைக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. சிறுவரிடம் இந்நோய் அரிது. அடிக்கடி வெளியே போக வேண்டுமென்று கேட்கும் குழந்தைக்குத் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கலாம். மிகுந்த தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். அதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. குறும்பு என்று எண்ணி உட்கார வைக்கும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நலம். மற்றொரு பக்கம், ஆசிரியைகளே காலை முதல் மாலை வரை நீரை அடக்கிக்கொண்டும் தண்ணீர் குடிக்காமலும் இருப்பதை ஊழியர் அறையில் எவரும் பேசுவதில்லை. 2014-15-இல் தூய்மைப் பள்ளித் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கழிப்பிடங்கள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. கட்டிய கழிப்பிடத்துக்குத் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பவை தலைமையாசிரியர் பார்க்க வேண்டியவை. நீரை அடக்குவதால் இந்நோய் பிறக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. பிறந்துவிட்ட நோயுள்ளவருக்கோ ஒவ்வொரு பாடவேளையும் வேதனை. அத்தகைய ஆசிரியை ஒருவர் இருந்தால், கால அட்டவணையில் அவருக்குத் தொடர்ந்து மூன்று வகுப்புகள் வைக்காமல் இடையில் ஒன்றை விடலாம். கழிப்பிடத்துக்கு அருகிலுள்ள அறையை ஒதுக்கலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டியதும் இல்லை.